அடுப்பில் பருப்பு, மிஷினில் போர்வை

ஒரே நாளில் தையலையும் சமையலையும் சேர்த்து ஓட்டுகிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. எல்லாமே எதை வாங்குவது, எதை வாங்காமல் விடுவது என்பது பற்றித்தான்.

கேள்வி: ஒற்றைக் கட்டிலுக்கு 60க்கு 90 அங்குலத்தில் ஒட்டுப்போர்வை தைக்கப் போகிறேன். மொத்தம் 12 மீட்டர் துணி வேண்டும் என்கிறார் கடைக்காரர். அவ்வளவு தேவையா? (திருச்சி)

பதில்: தேவையில்லை. தைத்து முடித்தபின் 6 அங்குலம் நிற்கும் சதுரங்கள் என்று வைத்துக்கொள்வோம். குறுக்கே 10, நெடுக்கே 15, ஆக 150 சதுரம். நான்கு பக்கமும் தையலுக்குக் கால் அங்குலம் போகும், அதனால் ஆறரை அங்குலமாக வெட்ட வேண்டும். 44 அங்குல அகலத் துணியில் இரு கரையோரங்களையும் கழித்தால் 42 அங்குலம் கிடைக்கும். ஒரு வரிசைக்கு 6 சதுரம் வீதம் 25 வரிசை, அதாவது சுமார் 4.13 மீட்டர். காட்டன் முதல் சலவையில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரை சுருங்கும். அதையும் சேர்த்து நாலரை மீட்டர் போதும். ஐந்து நிறம் என்றால் நிறத்துக்கு 90 செ.மீ.

அடித்துணி மேல்துணியைவிட நான்கு பக்கமும் 4 அங்குலம் பெரிதாக, 68க்கு 98 இருக்க வேண்டும். மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி என்று மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைத்துக் கோக்கும்போது துணி உள்வாங்கும் என்பதால் இந்த மிச்சம். இதை 44 அங்குலத் துணியில் எடுத்தால் இரண்டு நீளத்தை இணைக்க வேண்டும், ஐந்தேகால் மீட்டர் ஆகும். சுற்று ஓரப்பட்டிக்கு இரண்டரை அங்குலத்தில் 8 பட்டைகள், 65 செ.மீ. எல்லாம் சேர்த்தாலும் பத்தரை மீட்டர்தான்.

அதையும் பாதியாகக் குறைக்கலாம். அடித்துணிக்கு மீட்டர் துணியே வேண்டாம். 90க்கு 108 அங்குல பிளெயின் காட்டன் பெட்ஷீட் ஒன்று வாங்கினால் நடுவில் இணைப்பும் வராது. சென்னிமலை, கரூர்ப் பக்கத்து ஷீட்டுகள் இதற்கு நன்றாகப் பொருந்தும். ரொம்ப நெருக்க நெசவு உள்ள, வழவழப்பான ஷீட் மட்டும் வேண்டாம். கைத்தையலுக்கு ஊசி இறங்காது.

எடைக்கு விற்கும் வெட்டுத்துணி மலிவு. ஆனால் பையைக் கொட்டிப் பார்த்து, இழுத்தால் நீளும் பனியன் துணியை முதலில் ஒதுக்குங்கள். நெசவுத் துணியோடு அதைச் சேர்த்துத் தைத்தால் தையல் அலை அலையாக வரும், இஸ்திரி போட்டாலும் படியாது.

கேள்வி: அம்மாவின் பழைய காட்டன் புடவைகள் இருக்கின்றன. புதுத்துணி வாங்காமல் அவற்றிலேயே தைக்கலாமா? சாயம் போகுமோ என்று பயமாக இருக்கிறது. (மதுரை)

பதில்: தாராளமாக. ஐந்தரை மீட்டர்ப் புடவையில் கணக்குப்படி 198 சதுரம் வரும். நைந்த பகுதியைக் கழித்தாலும் இரண்டு மூன்று புடவை போதும், நிறமும் கலந்து வரும். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். மடிப்புக் கோடுகளிலும் தரையில் உரசும் கரையோரத்திலும்தான் இழை முதலில் போகும். இரண்டு கட்டைவிரலுக்கு நடுவே வைத்துச் சுண்டி இழுத்தால் இழை விலகும் இடம் போர்வைக்கு ஆகாது. அதை அப்படியே விட்டுத் தைத்தால் பக்கத்துச் சதுரம் புதிதுபோல் இருக்க, இது மட்டும் ஒரே வருடத்தில் வாய் பிளக்கும்.

காட்டனா, பாலியஸ்டர் கலந்ததா என்று தெரியாவிட்டால் நாலு இழையை உருவி, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேல் இடுக்கியால் பிடித்துக் கொளுத்துங்கள். காகிதம் எரியும் வாடையும் தூளாகும் சாம்பலும் வந்தால் காட்டன். உருகிக் கட்டியானால் பாலியஸ்டர் கலந்தது.

சாயத்துக்கு: துணியின் மூலையை வெந்நீரில் நனைத்து, வெள்ளைத்துணி மேல் வைத்து, சூடான இஸ்திரிப்பெட்டியால் அழுத்துங்கள். வெள்ளையில் கறை ஏறினால் அந்தத் துணி வெள்ளைச் சதுரத்துக்குப் பக்கத்தில் வரக்கூடாது. சிவப்பு, கருநீலம், மெரூன் மூன்றையும் கட்டாயம் சோதியுங்கள். சுங்குடி, கலம்காரி, பாத்திக் எதுவானாலும் தனித்தனியாக அலசி, அலசும் தண்ணீர் தெளியும் வரை விடக்கூடாது. உப்பும் வினிகரும் போட்டு ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்பது வீட்டுக்கு வீடு சொல்லும் யோசனை. இன்றைய காட்டன் சாயங்களில் அது பலிப்பதில்லை.

பழைய புடவை குழைவாக இருக்கும், வெட்டும்போது நழுவும். அதற்கு ஸ்டார்ச் பாட்டில் வாங்க வேண்டியதில்லை. அன்றைக்கு வடித்த கஞ்சியை வடிகட்டி, ஒன்றுக்கு மூன்று பங்கு தண்ணீர் சேர்த்து, துணியை நனைத்து, நிழலில் உலர்த்தி, லேசான ஈரத்திலேயே இஸ்திரி போடுங்கள். இதை வெட்டுவதற்கு முன்பே செய்துவிட வேண்டும், வெட்டிய துண்டை நனைத்தால் அளவு மாறும். போர்வை முடிந்ததும் கஞ்சி போக அலசிவிடுங்கள், இல்லாவிட்டால் பூச்சி வரும்.

கேள்வி: நடுவில் வைக்க இலவம்பஞ்சு நல்லதா, கடையில் விற்கும் பாலியஸ்டர் ஷீட் நல்லதா? 200 ஜிஎஸ்எம் என்று சொல்லித் தந்த ஷீட் மெலிசாக இருக்கிறதே? (கோவை)

பதில்: இலவம்பஞ்சு தலையணைக்கு அருமை, போர்வைக்கு வேண்டாம். இழை குட்டையும் வழவழப்புமாக இருப்பதால் ஒன்றையொன்று பற்றாது. இரண்டு சலவைக்குள் மூலையில் போய்த் திரளும், மெல்லிய துணி என்றால் தையல் ஓட்டை வழியே வெளியிலும் வரும். அடித்த பருத்திப்பஞ்சும் நகரும், ஆனால் இரண்டு மூன்று அங்குலத்துக்கு ஒரு தையல் போட்டால் நிற்கும். வடக்கத்திப் பஞ்சுப் போர்வைகளான ரஜாய்களில் தையல் அத்தனை நெருக்கமாக இருப்பது அதனால்தான்.

ஷீட்டின் எடையைச் சரிபார்க்க உங்கள் சமையலறைத் தராசே போதும். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டரின் கிராம் எடை. 68க்கு 98 அங்குலத் துண்டு 4.3 சதுர மீட்டர் வரும். 200 ஜிஎஸ்எம் என்றால் அது 860 கிராம் காட்ட வேண்டும், 150 என்றால் 645, 100 என்றால் 430. உங்கள் தராசு 600 பக்கம் காட்டினால் 150ஐ 200 என்று விற்றிருக்கிறார்கள். உப்பலை நம்பாதீர்கள். மெலிசான ஷீட்டும் புதிதில் பொம்மென்று இருக்கும், தடித்ததும் சுருட்டிக் கட்டிவைத்தால் அமுங்கிக் கிடக்கும். எடைதான் பேசும்.

ஆனால் கோவைக்கு 200 எதற்கு? ஊட்டி, கொடைக்கானல் குளிருக்குத்தான் 150, 200. சமவெளியில் 100 தாராளம். சென்னை, திருச்சிப் பக்கம் ஷீட்டையே விட்டுவிட்டு, நடுவில் ஒரு பழைய காட்டன் போர்வையை வைத்துத் தைத்தால் வருடம் முழுக்கப் போர்த்தலாம். பாலியஸ்டர் உள்ளே இருந்தால் வேர்க்கும்.

எந்த ஷீட்டானாலும், எத்தனை அங்குலத்துக்கு ஒரு தையல் என்று கேட்டு வாங்குங்கள். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் நான்கு அங்குலம் என்று வைத்துக்கொள்ளலாம். 6 அங்குலச் சதுரங்களில் எல்லா மூலைவிட்டத்தையும் ஒரே திசையில் தைத்துக்கொண்டு போனால் கோட்டுக்குக் கோடு நாலேகால் அங்குலம் வரும், அது கிட்டத்தட்ட சரியாக இருக்கும். அடித்துணியைத் தரையில் விறைப்பாக டேப் போட்டு ஒட்டி, மூன்று அடுக்கையும் உள்ளங்கை அகலத்துக்கு ஒன்றாக ஊக்கு குத்தி, நடுவிலிருந்து வெளியே தையுங்கள். ஓரத்திலிருந்து தொடங்கினால் துணி நடுவில் சேர்ந்து மடியும், அதைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும். பாலியஸ்டர் ஷீட் உள்ளே போனபின் சூடான இஸ்திரி கூடாது, உப்பல் படிந்துவிடும்.

கேள்வி: ஆன்லைனில் 40 உருப்படி கொண்ட 'குவில்ட்டிங் செட்' வாங்கலாமா? (சேலம்)

பதில்: வேண்டாம். அதில் பயன்படப்போவது நாலு. 45 மி.மீ. உருளைக் கத்தி, அதன் அடியில் வைக்கும் பாய், 6க்கு 24 அங்குல ஒளிபுகும் ஸ்கேல், நல்ல ஊக்குகள். நாலையும் தனியாக, தரமாக வாங்குங்கள். பாயை வெயிலிலோ அடுப்பு மேடையிலோ வைக்காதீர்கள், வளைந்தால் மறுபடி நேராகாது. மாதம் ஒரு போர்வை தைக்காதவர்களுக்குக் கத்தியும் பாயும்கூட ஆடம்பரம்தான். அட்டையில் ஆறரை அங்குலச் சதுரம் வெட்டி, சுற்றி வரைந்து, நல்ல கத்தரிக்கோலால் வெட்டினாலே போதும்.

கேள்வி: பழைய கறுப்பு மிதி மிஷின் இருக்கிறது. போர்வைக்குப் புது மிஷின் வாங்க வேண்டுமா? (தஞ்சாவூர்)

பதில்: சதுரங்களை இணைக்க அதைவிட நல்ல மிஷின் கிடையாது. நேர்த்தையல் மட்டும் போடுவதால் கோடு நேராக வரும். ஊசியை மட்டும் மாற்றுங்கள். சதுரம் இணைக்க 14ஆம் நம்பர், மூன்று அடுக்கும் சேரும்போது 16. ஒரு போர்வைக்குப் புது ஊசி ஒன்று. மழுங்கிய ஊசிதான் தையல் விடுவதற்கு முதல் காரணம், மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்கு முன் அதை மாற்றிப் பாருங்கள்.

கால் அங்குலத் தையலை அட்டையில் கோடு போட்டுச் சோதித்த பிறகே தொடங்குங்கள். ஒவ்வொரு தையலிலும் பதினாறில் ஒரு பங்கு அங்குலம் கூடிப்போனால், இரண்டு பக்கத் துணிக்கும் சேர்த்து எட்டில் ஒரு பங்கு குறையும். 15 சதுர வரிசையில் 14 தையல். வரிசை முழுக்க ஒன்றே முக்கால் அங்குலம் போய்விடும், மூலைகள் ஒன்றோடொன்று சேரவே சேராது.

சிக்கல் மூன்று அடுக்கைக் கோக்கும்போதுதான். மிஷினில் துணியை நகர்த்தும் பல் அடித்துணியை மட்டும் இழுக்கும், மேல்துணி பின்தங்கும். இதற்கு மேல்துணியையும் சேர்த்து நகர்த்தும் 'வாக்கிங் ஃபுட்' என்ற பாதம் உண்டு. வாங்குமுன் பாதத்தை இறக்கிவிட்டு, தகட்டிலிருந்து பாதத்தைப் பூட்டும் திருகுவரை அளந்துகொள்ளுங்கள். முக்கால் அங்குலம் என்றால் லோ ஷாங்க் (குட்டைத் தண்டு), ஒன்றேகால் என்றால் ஹை ஷாங்க் (உயரத் தண்டு). திருகு பொருந்தினாலும் பல்லின் அகலம் பொருந்தாமல் போகலாம், அதனால் மிஷின் மாடலைச் சொல்லி, திருப்பித் தரலாமா என்று கேட்டு வாங்குங்கள். பொருந்தவில்லை என்றால் கோப்பதைக் கையால் செய்யுங்கள்.

கேள்வி: தைக்கும் நாளில் அடுப்புப் பக்கம் அடிக்கடி போக முடியவில்லை. தெர்மல் குக்கரா, இண்டக்‌ஷனா, எது உதவும்? (விருதுநகர்)

பதில்: சோற்றுக்குத் தெர்மல் குக்கர். பருப்புக்குப் பிரஷர் குக்கர், அது ஏற்கெனவே உங்களிடம் இருக்கும்.

தெர்மல் குக்கரில் அரிசியை நிறைய தண்ணீரோடு கொதிக்கவிட்டு, பச்சரிசியானால் 5 நிமிடம், புழுங்கலானால் 10 நிமிடம் தளதளவென்று கொதித்ததும் மூடி, அப்படியே சூட்டைத் தேக்கிவைக்கும் வெளிப்பாத்திரத்துக்குள் இறக்கிவிட வேண்டும். பச்சரிசி அரைமணியில், புழுங்கல் முக்கால் மணி முதல் ஒரு மணிக்குள் வெந்துவிடும். அந்த நேரம் முழுக்க உங்களுடையது. உள்பாத்திரம் மூன்றில் இரண்டு பங்காவது நிறைந்திருக்க வேண்டும். நாலு பேர் வீட்டுக்குப் பெரிய அளவை வாங்கிவந்து கால்வாசி மட்டும் வைத்தால் சூடு நிற்காது, நடுவில் அரிசி வேகாது. பலர் குக்கரைக் குறைசொல்வது இதனால்தான். வெந்ததும் வடித்துவிடுங்கள், மாலைவரை அதிலேயே விட்டால் குழைந்து புளிக்கும். ராஜ்மா போன்ற பயறை இதில் வைப்பதானால், முன்னால் பத்து நிமிடம் நன்றாகக் கொதித்தே ஆக வேண்டும், இல்லையென்றால் வயிற்றைக் கெடுக்கும்.

பிரஷர் குக்கரில் விசில் எண்ணுவதை விடுங்கள். மிஷின் ஓடும் சத்தத்தில் ஒன்றிரண்டு காதில் விழாது. முதல் விசிலுக்குப் பக்கத்தில் நின்று, பிறகு சிம்மில் வைத்து, நிமிடக் கணக்கில் அலாரம் வையுங்கள். அரைமணி ஊறிய துவரம்பருப்புக்குப் பத்து நிமிடம். பருப்பு, அரிசி பாதிக்கு மேல் நிரப்பக்கூடாது, நுரை எழும்பி ஆவிக்குழாயை அடைக்கும். மூடியைச் சுற்றி ஆவி கசிந்தால் கேஸ்கட் இறுகிவிட்டது என்று அர்த்தம். மாற்றும்போது அதே கம்பெனி, அதே லிட்டர். புதுக் குக்கர் என்றால் ஐஎஸ்ஐ முத்திரை 2021 பிப்ரவரியிலிருந்து கட்டாயம், தர எண் ஐஎஸ் 2347. முத்திரையின் கீழ் உள்ள சிஎம்/எல் என்ற உரிம எண்ணை, முத்திரை தரும் அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டு உண்மையா என்று பார்த்துவிடலாம்.

இண்டக்‌ஷனில் தானாக அணையும் டைமர் இருப்பது பெரிய வசதி. ஆனால் அலுமினியப் பாத்திரம் சூடாகாது. அடியில் காந்தம் ஒட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, 2000 வாட் அடுப்பு 8.7 ஆம்பியர் இழுக்கும், 1000 வாட் இஸ்திரிப்பெட்டி 4.3. இரண்டையும் ஒரே 6 ஆம்பியர் எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகினால் ஒயர் உருகும். அடுப்புக்கு 16 ஆம்பியர் பிளக் பாயின்ட் தனியாக வேண்டும். தையல் மிஷின் மோட்டாரைப் பற்றிக் கவலையில்லை, அது இழுப்பது கொஞ்சம்தான்.

கேள்வி: வெள்ளைச் சதுரத்தில் மஞ்சள்பொடிக் கறை. சோப்புப் போட்டதும் சிவப்பாகிவிட்டது! (நாகர்கோவில்)

பதில்: பயப்பட வேண்டாம், சோப்பின் காரத்தில் மஞ்சள் சிவக்கும். நன்றாக அலசி, ஈரத்தோடு நேர்வெயிலில் காயவிடுங்கள், ஒன்றிரண்டு நாளில் வெளுக்கும். வண்ணச் சதுரம் பக்கத்தில் இருந்தால் அதை மூடிவிடுங்கள். தாளித்த எண்ணெய் தெறித்தால் தண்ணீர் படுமுன் பாத்திரம் கழுவும் திரவத்தைத் தேய்த்து, கால்மணி கழித்து அலசுங்கள். இதெல்லாம் வேண்டாமென்றால் தாளிப்பையும் பொரியலையும் துணி விரிக்குமுன் முடித்துவிடுங்கள்.

கேள்வி: வாங்கிய சிவப்புத் துணி சாயம் விட்டது. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்ற பலகையைக் கடைக்காரர் காட்டுகிறார். (ஈரோடு)

பதில்: குறைபாடுள்ள பொருளுக்கு அந்தப் பலகை செல்லாது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பது நேர்மையற்ற வணிக நடைமுறை. பில் தராமல் விடுவதும் அதே பட்டியலில் வருகிறது. நிறம் பிடிக்கவில்லை, அளவு அதிகமாக வாங்கிவிட்டேன் என்பதற்கெல்லாம் இந்தச் சட்டம் உதவாது.

பில், வெட்டாத மிச்சத்துணி, கறை ஏறிய வெள்ளைத்துணி மூன்றையும் பத்திரப்படுத்தி, கடைக்கு எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும், பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை மனுவுக்குக் கட்டணம் இல்லை. ஆன்லைனில் வாங்கியிருந்தால் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். மீட்டர் கோலில் முத்திரை இல்லாமல் அளந்தாலோ அளவு குறைந்தாலோ, தமிழ்நாட்டில் அந்தப் புகார் போக வேண்டிய இடம் தொழிலாளர் துறை.