84 என்ற எண்ணை நம்பி வெள்ளி வாங்கலாமா?

கேள்வி: பாரிஸ் புறநகரில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் சந்தையில் ஒரு பெட்டி பார்த்தேன், 12 மேசைக்கரண்டி, 12 முள்கரண்டி. பின்பக்கம் குட்டிச் சதுரத்துக்குள் இரண்டு எழுத்தும் ஏதோ ஒரு படமும், பக்கத்தில் 84 என்ற எண்ணும். “84 சதவீதம் வெள்ளி, 180 யூரோ” என்கிறார் விற்பவர். வாங்கலாமா?

பதில்: வெள்ளி இல்லைங்க, வெள்ளி முலாம். எண்ணை விட்டுவிட்டு முதலில் அந்தக் கட்டத்தின் வடிவத்தைப் பாருங்கள். பிரான்சில் அசல் வெள்ளிச் சாமான் செய்கிறவர் தன் எழுத்துகளையும் சின்னத்தையும் சாய்சதுரத்துக்குள் அடிக்க வேண்டும், 1797-இலிருந்து அதுதான் சட்டம். முலாம் போடுகிறவருக்கு நேர்ச் சதுரம். தேய்ந்த கரண்டியில் கோணலாக விழுந்த சதுரம் சாய்சதுரம் போலத் தெரிந்து ஏமாற்றும், அதனால் லென்ஸ் வைத்து மூலைகளைப் பாருங்கள்: நான்கும் செங்கோணமாக இருந்தால் சதுரம், ஒரு திசையில் நீண்டு ஒடுங்கியிருந்தால் சாய்சதுரம்.

சந்தேகம் தீரவில்லையா, மினர்வா தலையைத் தேடுங்கள். 1838-இலிருந்து அசல் வெள்ளியில் அரசு அடிக்கும் முத்திரை அது, தலைக்கவசம் போட்ட பெண்ணின் பக்கவாட்டு முகம். பழைய சாமானில் கூடவே 1 இருந்தால் ஆயிரத்துக்கு 950 பங்கு வெள்ளி, நம் ஊர் 92.5 சதவீத வெள்ளியை விட உசத்தி. 2 இருந்தால் 800. சின்னக் காபிக் கரண்டிகளில் இடம் போதாமல் நண்டோ காட்டுப்பன்றித் தலையோ இருக்கலாம், அதுவும் அசல்தான். இது எதுவுமே இல்லாமல் சதுரம் மட்டும் இருந்தால் பேச்சே இல்லை, முலாம்.

அப்போது அந்த 84? அந்த 12 கரண்டி, 12 முள்கரண்டி எல்லாவற்றின் மேலும் சேர்த்துப் பூசிய வெள்ளி 84 கிராம் என்று அர்த்தம். 24-ஆல் வகுத்துப் பாருங்கள், ஒன்றுக்கு மூன்றரை கிராம். ஒரே ஒரு அசல் வெள்ளி மேசைக்கரண்டியே கிட்டத்தட்ட 80 கிராம் இருக்கும், அந்தக் கணக்கில் பெட்டி முழுக்க அசலாக இருந்தால் ரெண்டு கிலோவை நெருங்கும், ரெண்டு கிலோ வெள்ளியை யார் 180 யூரோவுக்குத் தருவார்கள்? இன்னொரு வகை வியாபாரி இதே 84-ஐக் காட்டி “ரஷ்ய வெள்ளி” என்பார். ரஷ்யாவில் ஜார் காலத்து 84 உண்மையிலேயே தரத்தைக் குறிக்கும் எண், 1000-க்கு 875. ஆனால் அதன் பக்கத்தில் ரஷ்ய முத்திரைகள் இருக்கும், பிரெஞ்சுச் சதுரம் இருக்காது.

மேசைக்கு வைத்துச் சாப்பிட ஆசையென்றால் தாராளமாக வாங்குங்கள், 84 நல்ல கனமான முலாம்தான். விலையைப் பாதிக்குக் கேளுங்கள். கேட்பதற்கு முன் கரண்டியைக் கவிழ்த்துப் பாருங்கள்: மேசையில் உட்காரும் அந்த வயிற்றுப் பக்கத்திலும் முள்கரண்டியின் நுனிகளிலும்தான் முலாம் முதலில் போகும். அங்கே மஞ்சளாகவோ மங்கிய சாம்பலாகவோ தெரிந்தால் அடி உலோகம் எட்டிப் பார்க்கிறது. திரும்ப முலாம் போடக் கொடுத்தால் வாங்கிய காசை விட அதிகம் கேட்பார்கள்.

கேள்வி: கடைக்காரர் ஒருவர் “நெப்போலியன் காலத்துக் கிறிஸ்டோஃபில்” என்கிறார். தராசு முத்திரை இருக்கிறது.

பதில்: எந்த நெப்போலியன் என்று கேளுங்கள். முதலாமவர் 1821-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். கிறிஸ்டோஃபில் என்பது முலாம் சாமான் செய்யும் பிரெஞ்சுக் கம்பெனி, அதைத் தொடங்கிய சார்ல்ஸ் கிறிஸ்டோஃபில் மின்முலாம் போடும் காப்புரிமைகளை வாங்கியது 1842-இல்தான். மூன்றாம் நெப்போலியன் அவருடைய வாடிக்கையாளர், அதனால் அந்தக் காலம் என்றால் சரி. தராசு அவர்கள் சின்னம்தான், ஆனால் அது ரொம்ப காலம் ஓடிய சின்னம், அதை மட்டும் வைத்து வயதைச் சொல்ல முடியாது. எர்க்வி என்று இன்னொரு பிரெஞ்சு முலாம் கம்பெனியின் பெயரைச் சொன்னால், அதன் சின்னம் பாதி மனிதன் பாதி குதிரை. அந்தக் கம்பெனியே 1867-இல் தொடங்கியது.

கேள்வி: காந்தம் ஒட்டவில்லை, அப்போது வெள்ளிதானே?

பதில்: இல்லை. முலாமுக்கு அடியில் இருப்பது பெரும்பாலும் செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த உலோகம், அதிலும் காந்தம் ஒட்டாது.

கேள்வி: பின்பக்கம் வேறு யாரோ ஒருவரின் எழுத்துகள் செதுக்கியிருக்கின்றன, தேய்த்து எடுத்துவிடலாமா?

பதில்: வேண்டாம், எழுத்தோடு முலாமும் போய்விடும். பிரெஞ்சு வீடுகளில் முள்கரண்டியைக் கவிழ்த்து வைப்பார்கள், விருந்தாளி கண்ணில் படுவது பின்பக்கம், அதனால்தான் எழுத்து அங்கே. அடுத்தவர் எழுத்து இருப்பதைச் சொல்லி விலையைக் குறையுங்கள், குறைப்பார்கள். கத்திகளும் சேர்ந்த செட் என்றால் அவற்றை மட்டும் வெந்நீரில் ஊறப் போடாதீர்கள், கைப்பிடிக்குள் அடைத்திருக்கும் பிசின் இளகினால் அலகு கழன்று தனியாக வந்துவிடும்.