இரண்டாவது காரா, ஒரு சைக்கிளா?

கேள்வி: எனக்கு வயது 39. கோவை சரவணம்பட்டியில் குடியிருக்கிறேன். பீளமேட்டில் உள்ள அலுவலகத்துக்கு மாதம் 22 நாள் காரில் சென்று வருகிறேன். ஒரு வழிக்கு 8 கிலோமீட்டர். 2020-இல் வாங்கிய 1,200 சி.சி. பெட்ரோல் கார், கடன் முடிந்துவிட்டது. பெட்ரோல், இன்ஷூரன்ஸ், சர்வீஸ், டயர், மதிப்புக் குறைவு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு ஏறக்குறைய 1,23,000 ரூபாய் ஆகிறது. மொத்தம் 8,000 கிலோமீட்டர் ஓடுவதால் கிலோமீட்டருக்கு 15 ரூபாய். அலுவலகத்துக்குச் சைக்கிளில் சென்றால் ஆண்டுக்கு 63,000 ரூபாய் மிச்சமாகும் என்று கணக்கிட்டு, 28,000 ரூபாயில் கியர் சைக்கிள் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். மிச்சமாகும் தொகையில் மாதம் 5,000 ரூபாய்க்கு எஸ்.ஐ.பி. (மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் போடும் முதலீடு) தொடங்க எண்ணம். இதற்கிடையில் ஆசிரியையான என் மனைவிக்கு அன்னூர்ப் பக்கம் மாறுதல் வந்துள்ளது. அவர் செல்லும் பள்ளிக்கு நேரத்துக்குப் பேருந்து வசதி இல்லாததால், 5.5 லட்சம் ரூபாய் கடனில் இன்னொரு கார் வாங்கலாம் என்கிறார். என் கணக்கு சரியா? என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று கலந்திருக்கின்றன. காரை வீட்டில் நிறுத்திவிட்டுச் சைக்கிளில் போனால் எவ்வளவு மிஞ்சும் என்பது ஒன்று; சைக்கிள் இருப்பதால் இன்னொரு கார் வாங்காமல் இருந்தால் எவ்வளவு மிஞ்சும் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கான விடை நீங்கள் நினைப்பதைவிட மிகச் சிறியது. இரண்டாவதன் விடை பெரியது. முதலில் சிறியதைப் பார்த்துவிடுவோம்.

கிலோமீட்டருக்கு 15 ரூபாய் என்பது சராசரி. ஆண்டுச் செலவு முழுவதையும் ஓடிய தூரத்தால் வகுத்து வந்த எண் அது. ஓட்டாத ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அந்த 15 ரூபாய் உங்கள் பைக்குத் திரும்பி வந்துவிடாது. கார் போர்ட்டிகோவில் நின்றாலும் இன்ஷூரன்ஸ் கட்டியாக வேண்டும். 1,000 முதல் 1,500 சி.சி. வரையுள்ள காருக்கு மூன்றாம் நபர் காப்பீட்டுக் (உங்கள் வண்டியால் பிறருக்கு நேரும் இழப்புக்கானது) கட்டணம் மட்டுமே 3,416 ரூபாய், அதற்கு மேல் ஜி.எஸ்.டி. வேறு. நிறுத்தி வைத்திருக்கும் வண்டிதானே என்று பாலிசியைக் காலாவதியாக விட்டால், 90 நாள் கடந்ததும் இழப்பீடு கேட்காமல் இருந்ததற்காக இத்தனை ஆண்டுகள் சேர்ந்த பிரீமியத் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸும் போய்விடும். சர்வீஸைப் பொறுத்தவரை, உங்கள் வகைக் கார்களுக்குப் பெரும்பாலும் 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, இவற்றில் எது முந்துகிறதோ அதுதான் கெடு. நீங்கள் ஆண்டுக்கு 8,000 கிலோமீட்டர்தான் ஓட்டுகிறீர்கள். அதைப் பாதியாகக் குறைத்தாலும் ஆண்டுக்கொரு முறை அதே ஆயில், அதே ஃபில்டர் மாற்றித்தான் ஆக வேண்டும்.

மதிப்புக் குறைவும் அப்படித்தான். இன்ஷூரன்ஸ் நிறுவனங்கள் காரின் காப்பு மதிப்பைக் கணக்கிடும் அட்டவணையில் ஆறு மாதத்துக்குள் 5 சதவீதம், ஓராண்டுக்குள் 15, இரண்டாண்டுக்குள் 20, பிறகு ஆண்டுக்குப் பத்துப் பத்தாக ஏறி, ஐந்தாம் ஆண்டில் 50 சதவீதம் கழிக்கப்படுகிறது. ஓடோமீட்டர் என்ற பேச்சே அதில் கிடையாது. பழைய கார் சந்தையில் ஓடிய தூரத்தைக் கேட்பார்கள் என்பது உண்மைதான். ஆனால் அதற்கு முன்பே ஆர்.சி. புத்தகத்தில் உள்ள வருடத்தைப் பார்த்துவிடுவார்கள்.

ஆகவே உண்மையில் மிஞ்சுவது பெட்ரோலும், டயர், பிரேக், கிளட்ச் ஆகியவற்றின் தேய்மானமும்தான். நகர நெரிசலில் லிட்டருக்கு 13 கிலோமீட்டர், லிட்டர் 101 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 8 ரூபாய் பெட்ரோலுக்கும் ஒரு ரூபாய் தேய்மானத்துக்கும் ஆகிறது. அடுத்து, 22 நாளும் சைக்கிளில் போவதாகக் கணக்கிட்டிருக்கிறீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையும், மாலையில் வேறு வேலையாகப் போக வேண்டிய நாளும், உடம்பு ஒத்துழைக்காத நாளும் உண்டு. மாதம் 15 நாள் என்று வைப்பதே நியாயம். அப்படியானால் ஆண்டுக்கு 2,880 கிலோமீட்டர் குறைகிறது. மிச்சம் 25,000 ரூபாய்.

இதிலிருந்து சைக்கிளின் செலவைக் கழிக்க வேண்டும். 28,000 ரூபாய் சைக்கிள் ஏழு ஆண்டு உழைத்தால் ஆண்டுக்கு 4,000. செயின், ஃப்ரீவீல், டயர், டியூப், பிரேக் கட்டை, சக்கரத்துக்குக் கோட்டம் எடுப்பது, ஆண்டுக்கொரு முழு ஓவராயில் என்று 3,000. ஹெல்மெட், முன்பின் விளக்கு, நல்ல பூட்டு, மட்கார்டு, மழைக்கோட்டு ஆகியவற்றுக்கு முதலில் 6,000 ரூபாய் ஆகும். நான்காண்டில் பரப்பினால் ஆண்டுக்கு 1,500. எல்லோரும் விட்டுவிடும் செலவு ஒன்று உண்டு, அது சாப்பாடு. நாளைக்கு 16 கிலோமீட்டர் மிதித்தால் ஏறக்குறைய 400 கலோரி செலவாகும். அது அலுவலக கேன்டீனில் பதினொரு மணிக்கு இரண்டு முட்டையாகவோ இரண்டு வடையாகவோ திரும்பி வரும். நாளைக்கு 30 ரூபாய் என்றாலும் ஆண்டுக்கு 5,400. மொத்தம் 13,900 ரூபாய். ஆக, நீங்கள் 63,000 என்று எழுதிய இடத்தில் நிற்க வேண்டிய எண் 11,000 ரூபாய்ச் சொச்சம். மாதம் 5,000 ரூபாய் எஸ்.ஐ.பி.க்கு இது போதாது. மாதம் ஆயிரத்தைத் தாங்கும் அளவுதான்.

இதே கணக்கை ஸ்கூட்டரில் செல்பவர் போட்டுப் பார்த்தால் இன்னும் ஏமாற்றமாக இருக்கும். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் தரும் வண்டிக்கு இந்த 2,880 கிலோமீட்டருக்கான பெட்ரோல் 6,500 ரூபாய்க்குள் முடிந்துவிடும். சைக்கிளின் செலவு அதைவிட அதிகம். ஸ்கூட்டரை விட்டுச் சைக்கிளுக்கு மாறுபவர் உடம்புக்காக மாறலாம், பணத்துக்காக மாற வேண்டியதில்லை என்றே என்னிடம் கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்.

இனி இரண்டாவது கேள்வி. 5.5 லட்சம் கடன் என்கிறீர்கள். எனவே ஷோரூம் விலை 6 லட்சம் ரூபாய் உள்ள கார் என்று கொள்கிறேன். தமிழ்நாட்டில் அந்த விலைக்கு 13 சதவீதம் வாழ்நாள் வரி, அதாவது 78,000 ரூபாய். மூன்றாண்டு மூன்றாம் நபர் காப்பீடு உள்ளிட்ட முதல் இன்ஷூரன்ஸையும் சேர்த்தால் வண்டி சாலைக்கு வரும்போது 7.2 லட்சத்தைத் தொட்டிருக்கும். 9 சதவீத வட்டியில் ஐந்தாண்டுக் கடன் என்றால் மாதத் தவணை 11,417 ரூபாய். வட்டி மட்டும் 1.35 லட்சம். அடுத்த நான்கு ஆண்டு இன்ஷூரன்ஸுக்கு 50,000, சர்வீஸுக்கு 40,000 என்று சேர்த்தால் 9.45 லட்சம். ஐந்தாம் ஆண்டு முடிவில் 3 லட்சத்துக்கு விற்றதாக வைத்தாலும், ஒரு சொட்டுப் பெட்ரோல் ஊற்றுவதற்கு முன்பே 6.45 லட்சம் ரூபாய் கரைந்திருக்கும். ஆண்டுக்கு 1.29 லட்சம். அன்னூர் போய்வர ஆகும் பெட்ரோல் எந்தக் காரில் போனாலும் ஒன்றுதான் என்பதால் அதை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

இருக்கும் காரை உங்கள் மனைவியிடம் ஒப்படைத்துவிட்டு நீங்கள் சைக்கிளுக்கு மாறினால் இந்த 1.29 லட்சமும், அலுவலகத்துக்காக இப்போது நீங்கள் எரிக்கும் பெட்ரோலும் தேய்மானமுமான 37,000 ரூபாயும் மிஞ்சும். எதிர்ப்பக்கத்தில் சைக்கிள் செலவும், மாதம் ஏழு நாள் ஆட்டோவிலோ பேருந்திலோ போக மாதம் 2,000 ரூபாயும் வைக்க வேண்டும். எல்லாம் போக ஆண்டுக்கு ஏறக்குறைய 1.28 லட்சம் ரூபாய் நிகரமாக நிற்கிறது. முன்பு பார்த்த பதினோராயிரத்தைவிடப் பதினோரு மடங்குக்கும் அதிகம். சைக்கிள் மாறவில்லை, மிதிக்கும் தூரமும் மாறவில்லை. ஒரு காரை வாங்காமல் விட்டதுதான் வித்தியாசம். பேருந்து சரிப்படாது என்று உங்கள் மனைவி சொல்வதில் நியாயம் இருக்கிறது. சத்தி சாலையில் தினமும் நாற்பது கிலோமீட்டருக்கு மேல் போய்வருபவருக்குத்தான் கார் தேவை, பீளமேட்டுக்கு எட்டு கிலோமீட்டர் போகிறவருக்கு அவ்வளவாக இல்லை. அவரிடம் இதை ‘உன் கார் வேண்டாம்’ என்று சொல்லாமல், ‘இந்தக் கார் உன்னுடையது’ என்று சொல்லிப் பாருங்கள்.

சைக்கிளைப் பற்றி இரண்டு வார்த்தை. முன்ஃபோர்க்கில் சஸ்பென்ஷன் வைத்த 28,000 ரூபாய் கியர் சைக்கிள் விளாங்குறிச்சி சாலைக்குத் தேவையில்லை. எடையைக் கூட்டுவதோடு, கியர் கோளாறானால் தெருமுனைக் கடைக்காரர் கையை விரித்து ஷோரூமுக்கு அனுப்புவார். கேரியரும் மட்கார்டும் உள்ள, 15,000 ரூபாய் அளவிலான எளிய வண்டி போதும். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் அதன் உதிரிபாகங்களுக்கும் ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. கடையில் சொல்லும் விலை அதற்குப் பிந்தையதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வியர்வை ஒரு தடையென்றால் மின்சைக்கிளைப் பார்க்கலாம். 250 வாட், மணிக்கு 25 கிலோமீட்டர் என்ற வரம்புக்குள் இருந்தால் பதிவும் உரிமமும் வேண்டாம். மின்சாரச் செலவு அற்பம், ஆனால் சில ஆண்டுகளில் மாற்ற வேண்டிய பேட்டரிதான் அதன் பெரிய செலவு, அந்த விலையை இப்போதே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பணத்தைவிட எனக்குக் கவலை தருவது காப்பீடு. கார் பாலிசியோடு வரும் 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு, வண்டியின் உரிமையாளர் அந்த வண்டியில் இருக்கும்போது மட்டுமே செல்லும். சைக்கிளில் விழுந்தால் அதிலிருந்து ஒரு ரூபாய் வராது. மோட்டார் வாகனம் மோதினால் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கோர உங்களுக்கு உரிமை உண்டு என்றாலும், அது ஆண்டுக்கணக்கில் இழுக்கும். மோதியவர் யாரென்றே தெரியாவிட்டால் அரசுத் திட்டத்தில் கிடைப்பது மரணத்துக்கு 2 லட்சம், படுகாயத்துக்கு 50,000 ரூபாய் மட்டும். எனவே சைக்கிள் வாங்கும் வாரத்திலேயே தனி விபத்துக் காப்பீடு எடுங்கள். ‘சரல் சுரக்ஷா பீமா’ என்ற பெயரில் எல்லா நிறுவனங்களும் ஒரே விதிமுறைகளோடு விற்கும் பாலிசி 2.5 லட்சம் முதல் ஒரு கோடி வரை கிடைக்கிறது. வேலைக்குப் போக முடியாத வாரங்களுக்கு ஈடு தரும் பிரிவையும் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். 15 லட்சத்துக்கான ஆண்டுப் பிரீமியம் உங்கள் ஒரு மாதப் பெட்ரோல் செலவுக்குள் அடங்கிவிடும். இந்தச் செலவை மேலே உள்ள கணக்கில் கழித்தாலும் முடிவு மாறப்போவதில்லை. மெடிக்ளெய்ம் பிரீமியம் குறையும், மருந்துச் செலவு குறையும் என்று சிலர் சைக்கிள் கணக்கில் சேர்ப்பார்கள். அதை நான் சேர்ப்பதில்லை.

மிஞ்சும் தொகையை எங்கே வைப்பது? 7.2 லட்சத்தில் கடன் போகக் காருக்கு முன்பணமாக நீங்கள் கட்ட வேண்டியிருந்த 1.7 லட்சத்தை வங்கி டெபாசிட்டிலேயே விடுங்கள். அவசரகால இருப்பு பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை, அதற்கு அது ஆகட்டும். தவணையாகப் போயிருக்க வேண்டிய 11,417 ரூபாயில் 8,000 ரூபாயை அஞ்சலக ஐந்தாண்டு ஆர்.டி.யில் (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு) போட்டால், தற்போதைய 6.7 சதவீத வட்டியில் முடிவில் ஏறக்குறைய 5.7 லட்சம் கிடைக்கும். வட்டிக்கு வரி உண்டு. அதற்குள் உங்கள் இப்போதைய காருக்குப் பத்து வயது ஆகியிருக்கும். அதை விற்று இந்தத் தொகையோடு சேர்த்தால் அடுத்த காரைக் கடனில்லாமல் வாங்கிவிடலாம். எஸ்.ஐ.பி.யை மாதம் 2,000 ரூபாயில் தொடங்குங்கள், ஏழு ஆண்டுக்குத் தொடக்கூடாது என்ற எண்ணத்தோடு. ஐந்தாண்டில் வேண்டிய கார்ப் பணத்தைப் பங்குச் சந்தையில் வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

இவ்வளவுக்கும் அடிப்படை, மாதம் 15 நாள் நீங்கள் உண்மையிலேயே மிதிப்பீர்கள் என்பதுதான். ஆகையால் காரையும் புக் செய்ய வேண்டாம், புதுச் சைக்கிளையும் வாங்க வேண்டாம். உறவினரிடமோ நண்பரிடமோ சும்மா கிடக்கும் ஒரு சைக்கிளை வாங்கி ஓவராயில் செய்து, மழைக்காலத்தில் ஒரு மாதமாவது சேரும்படி இரண்டு மாதம் போய்வாருங்கள்; அந்த இரண்டு மாதமும் கார் உங்கள் மனைவியிடமே இருக்கட்டும். போன நாட்களை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். மாதம் பத்து நாளுக்குக் குறைந்தால் சைக்கிள் உங்களுக்குச் சரிப்படவில்லை என்று பொருள். அப்போதும் இரண்டாவது காருக்குப் போகாமல், 40,000 ரூபாய் அளவில் நல்ல நிலையில் உள்ள பழைய ஸ்கூட்டர் ஒன்றைப் பாருங்கள். மேலே சொன்ன 1.28 லட்சத்தில் பெரும்பகுதி அதிலும் உங்களுக்கு மிஞ்சும்.