எம்.பி.பி.எஸ். இல்லாமலும் புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் போகலாம்

அன்புள்ள அம்மா,

பிளஸ் டூ படிக்கும் உங்கள் மகளுக்கு நீட்டில் இடம் கிடைக்காவிட்டால் அவள் ஆசை என்னாவது என்று கேட்டிருந்தீர்கள். அவள் ஆசைப்படுவது வைத்தியம் பார்க்க அல்ல, புற்றுநோய் பரவுவதைத் தடுக்கும் மரபணுக்களைத் தேட. அதற்கு எம்.பி.பி.எஸ். கட்டாயமில்லை.

அந்த வேலை எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் பேட்ரிசியா ஸ்டீக் குழுவினர், எலியின் மெலனோமா (ஒருவகைத் தோல் புற்றுநோய்) கட்டியிலிருந்து வளர்த்த செல்களை ஒப்பிட்டார்கள். சில செல்கள் வேகமாகப் பரவும், சில அவ்வளவாகப் பரவாது. அதிகம் பரவாதவற்றில் சுறுசுறுப்பாகவும், பரவுபவற்றில் அடங்கியும் இருந்த ஒரு மரபணு அகப்பட்டது. 1988-இல் அறிவித்த அதன் பெயர் என்.எம்.23. இத்தகைய மரபணுக்கள் முதல் கட்டி வளர்வதைத் தடுப்பதில்லை. அங்கிருந்து கிளம்பிய செல் இன்னோர் உறுப்பில் போய்க் குடியேறுவதைத்தான் தடுக்கின்றன. புற்றுநோயில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் இந்தப் பரவல்தான். அதனால்தான் அவள் ஆசையை நான் மதிக்கிறேன்.

இது மெதுவான துறை என்பதையும் அவளுக்குச் சொல்லுங்கள். ஆனால் உழைப்பு வீண் போவதில்லை. 1996-இல் மெலனோமா பரவலைத் தடுப்பதாகக் கண்ட கிஸ்1 மரபணுவையே பாருங்கள். அதன் புரதம் செல்லில் சென்று ஒட்டும் இடமான ஏற்பி பழுதானால் பிள்ளைகள் பருவமடைவதில்லை என்று 2003-இல் தெரியவந்தது. புற்றுநோய்க்காகத் தேடியது பருவமடைவதைப் புரிந்துகொள்ளவும் உதவியது.

இனி படிக்கும் வழிகளுக்கு வருவோம். முதலில் ஐசர் எனும் மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களின் ஐந்து வருட பி.எஸ்.-எம்.எஸ். படிப்பு, அதற்கு ஐ.ஏ.டி. நுழைவுத் தேர்வு. இல்லையென்றால் பக்கத்துக் கல்லூரியில் பி.எஸ்சி. உயிர்வேதியியல், அப்புறம் எம்.எஸ்சி., நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வு. அதில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சியாளர் தகுதி) கிடைத்தால் பிஎச்.டி.யின் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை, பிறகு 42,000. பிஎச்.டி. முடியும்வரை நாங்களே செலவு செய்யவேண்டுமா என்ற உங்கள் கவலைக்கு இதுதான் பதில். நவி மும்பையில் டாடா நினைவு மையத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவான ஆக்ட்ரெக் இந்தத் துறையிலேயே பிஎச்.டி. தருகிறது.

லட்சக்கணக்கில் கட்டணம் கேட்கும் தனியார் கல்லூரியில் சேர்க்குமுன் லேப் நடக்கும் நாளில் நேரில் போய்ப் பாருங்கள். செல்களை வளர்க்கும் செல் கல்ச்சர் அறை பூட்டிக் கிடக்கிறதா, மாணவர்கள் கையில் திரவத்தை அளந்தெடுக்கும் பைப்பெட் இருக்கிறதா? கட்டடத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

இன்னொன்று. இன்று ஆயிரக்கணக்கான மரபணுக்களை ஒரே நேரத்தில் ஒப்பிடுகிறார்கள், முடிவுகள் பெரிய அட்டவணையாக வருகின்றன. புள்ளியியலும் பைத்தான் என்ற கணினி நிரல்மொழியும் தெரியாமல் அதைப் படிக்க முடியாது. அவள் கணிதம் எடுக்கவில்லை என்றீர்கள். ஐ.ஏ.டி.யிலும் கணிதப் பகுதி உண்டு, எனவே அதை இப்போதே தொடங்கச் சொல்லுங்கள்.