எதிராளி கோசோங் (வேலை பெர்மிட் இல்லாத) ஆட்களை வைத்துக் குத்தகையைப் பிடித்துவிட்டார்: நான் என்ன செய்யலாம்?

கேள்வி: கிள்ளானில் துப்புரவுக் குத்தகை எடுத்து நடத்துகிறேன். என்னிடம் 14 பேர். எட்டுப் பேர் உள்ளூர்ப் பெண்கள், மற்றவர்கள் பெர்மிட்டோடு வந்த நேப்பாளிகள். லெவி (அந்நியத் தொழிலாளருக்கான வரி), சொக்சோ (தொழிலாளர் சமூகக் காப்புறுதி), இபிஎஃப் (சேமநிதி) எதையும் தவறவிட்டதில்லை. ஆறு வருடமாக என் கையில் இருந்த ஒரு கொண்டோமினியக் குத்தகை போன மாதம் போய்விட்டது. ஆறு ஆட்களுக்கு நான் கேட்டது 14,200 ரிங்கிட். எடுத்தவர் கேட்டது 9,500. அவருடைய ஆட்கள் எல்லாரும் கோசோங், பெர்மிட்டே கிடையாது என்று அங்குள்ள செக்யூரிட்டி கார்டு சொல்கிறார். காலை ஆறு மணிக்கு வேன் வருகிறதாம். இறங்கியதும் குப்பை அறைப் பக்கமாக நழுவிவிடுகிறார்களாம். அமெரிக்காவில் இப்படிப்பட்ட எதிராளி மேல் வழக்குப் போட்டு நஷ்டஈடு கேட்கலாமாமே, இங்கே முடியுமா? புகார் கொடுத்தால் என் பெயர் வெளியே வருமா? 'நீயும் ராத்திரி வேலைக்கு இரண்டு கோசோங் போட்டுக்கொள்' என்கிறார் நண்பர்.

பதில்: நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். அதுவும் உங்கள் தொழிலிலேயே நடந்த வழக்கு. கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு துப்புரவு நிறுவனம் இதே காரணத்துக்காகப் போட்டி நிறுவனத்தின் மேல் வழக்குத் தொடுத்தது. 2001இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், போட்டியாளருக்கு வழக்குத் தொடுக்கும் வழி உண்டு என்றது. அங்கே கூட்டாகச் செய்யும் குற்றங்களுக்கு எதிரான ஒரு சட்டம் (RICO) அதற்கு வழி தருகிறது; நிரூபித்தால் நஷ்டத்தைப் போல மூன்று மடங்கு கிடைக்கும். நம் மலேசியாவில் அப்படி ஒரு சட்டம் இல்லை. 2010ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டம், நிறுவனங்கள் கூடிப் பேசி விலை வைப்பதையும் சந்தையில் ஆதிக்கம் செலுத்துபவர் அதைத் தவறாகப் பயன்படுத்துவதையும் பிடிக்கும். பெர்மிட் இல்லாத ஆளை வேலைக்கு வைப்பது அதற்குள் வராது. சட்டவிரோத வழியில் என் தொழிலைக் கெடுத்தார் என்று பொதுச் சட்டத்தில் வாதாடலாம். ஆனால் உங்களைக் கெடுக்கும் நோக்கத்தோடுதான் செய்தார் என்று காட்ட வேண்டும். அவர் நோக்கம் காசு மிச்சம் பிடிப்பது என்று எதிர்த் தரப்பு ஒரே வரியில் முடித்துவிடும். இந்த வழக்குக்கு உங்கள் பணத்தைச் செலவழிக்க நான் சொல்ல மாட்டேன்.

உங்கள் பலம் அந்த 9,500இல் இருக்கிறது. ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போடுங்கள். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். 2025 ஆகஸ்ட் முதல் ஐந்து பேருக்குக் குறைவாக வைத்திருக்கும் முதலாளிக்கும் இதுதான். ஆறு பேருக்கு 10,200. ஆறு பேரும் பெர்மிட் ஆட்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சேவைத் துறைக்கு லெவி ஆளுக்கு வருடம் 1,850, மாதத்துக்குப் பிரித்தால் ஆறு பேருக்கு 925. அந்நியத் தொழிலாளருக்கு 2025 அக்டோபரிலிருந்து முதலாளி கட்ட வேண்டிய இபிஎஃப் 2 விழுக்காடு, அது 204. ஆக 11,329. சொக்சோ, தங்குமிடம், மருத்துவப் பரிசோதனை, சோப்பு, மாப், வேன், மேற்பார்வையாளர் எதுவும் இதில் சேரவில்லை. ஆறு ஆட்களை முழு நேரம் வைத்து 9,500க்கு ஒருவர் செய்கிறார் என்றால் அங்கே ஒரு சட்டமாவது மீறப்படுகிறது. அவர்களிடம் பெர்மிட் இருக்கிறதா என்று நீங்கள் துப்பறியவே தேவையில்லை.

இந்தத் தாளோடு முதலில் ஜேஎம்பிக்கு (கொண்டோமினியத்தின் கூட்டு நிர்வாகக் குழு) போங்கள். இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்வேன். குடிநுழைவுச் சட்டத்தின் 55இ பிரிவு, ஓர் இடத்தைத் தன் பொறுப்பிலும் நிர்வாகத்திலும் வைத்திருப்பவர் சட்டவிரோதக் குடியேறிகளை அங்கே நுழையவோ தங்கவோ விடக்கூடாது என்கிறது. தண்டனை ஒரு நபருக்கு 5,000 முதல் 30,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஜேஎம்பி உறுப்பினர்கள் மாலையில் வேலை முடிந்து வந்து கூட்டம் போடும் சாதாரணக் குடியிருப்பாளர்கள். இந்தப் பிரிவு தங்கள் மேலும் பாயலாம் என்பது பலருக்குத் தெரியாது. யார் மேலும் குற்றம் சாட்டாமல் எழுதுங்கள்: 'துப்புரவுக் குத்தகையாளர் ஒவ்வொரு மாதமும் ஆட்களின் பெயர்ப் பட்டியல், பாஸ் நகல், சொக்சோ, இபிஎஃப் கட்டிய ரசீது ஆகியவற்றைத் தர வேண்டும் என்ற நிபந்தனையைச் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன்.' உங்களுடைய ரசீதுகளை அதனுடன் இணையுங்கள்.

அடுத்தது தொழிலாளர் இலாகா. குறைந்தபட்சச் சம்பளம் தராத முதலாளிக்கு ஒரு தொழிலாளிக்கு 10,000 ரிங்கிட் வரை அபராதம் உண்டு. 2023 முதல், தொழிலாளர் இலாகாவின் முன் அனுமதி இல்லாமல் அந்நியரை வேலைக்கு வைப்பதும் வேலைவாய்ப்புச் சட்டத்தின் 60கே பிரிவின்படி குற்றம். 100,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். குடிநுழைவுத் துறைக்கு முன் இங்கே போகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. குடிநுழைவுத் துறையின் சோதனையில் முதலில் லாரியில் ஏறுபவர் அந்தத் துடைப்பக்காரர்தான். அவருக்குச் சிறையும் பிரம்படியும் கூட வரலாம். 9,500 ரிங்கிட்டை எழுதிக் கையெழுத்துப் போட்டவர் அன்று அங்கே இருக்கவே மாட்டார். உங்கள் குத்தகையை எடுத்தது அந்த ஆறு பேர் இல்லை. அவர்களில் யாரேனும் ஐநா அகதி அட்டை வைத்திருக்கலாம். அந்த அட்டை வேலை செய்யும் உரிமை தராது. வேறு கம்பெனியின் பெர்மிட்டில் வந்தவராகவும் இருக்கலாம், அது தனிக் குற்றம். ஆகவே புகாரில் 'எல்லாரும் கோசோங்' என்று எழுதாதீர்கள். தேதி, மணி, வேன் நம்பர், எத்தனை பேர், சட்டையில் எந்தக் கம்பெனியின் பெயர், நீங்கள் கண்ணால் பார்த்தது மட்டும். கார்டு சொன்னதைக் கார்டு சொன்னதாகவே எழுதுங்கள். தெரிந்தே பொய்த் தகவல் தந்தால் தண்டனைச் சட்டத்தின் 182ஆம் பிரிவு உங்கள் மேல் திரும்பும்.

குடிநுழைவுத் துறைக்கும் புகார் தருவது உங்கள் உரிமை. 2010ஆம் ஆண்டுத் தகவல் அளிப்போர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாப்பு வேண்டும் என்று எழுத்திலேயே கேளுங்கள். உங்கள் பெயரை அவர்கள் இரகசியமாக வைக்க வேண்டும். ஆனால் அந்தப் பாதுகாப்பு அமலாக்கத் துறையிடம் சொன்னதற்குத்தான். வாட்ஸ்அப் குழுவிலும் பேஸ்புக்கிலும் போட்டதற்கு இல்லை. வேனைப் படமெடுத்து அவர் பெயரோடு போட்டால் அவதூறு வழக்கில் நீங்கள்தான் பிரதிவாதி.

நண்பர் சொன்ன இரண்டு ஆட்கள் விஷயம். பெர்மிட் இல்லாதவரை வேலைக்கு வைத்தால், குடிநுழைவுச் சட்டத்தின் 55பி பிரிவின்படி ஒரு ஆளுக்கு 10,000 முதல் 50,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இரண்டு பேர் என்றால் 20,000இல் தொடங்கும். ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் போனால் ஆறு மாதத்துக்குக் குறையாத சிறை, பிரம்படியும் விழலாம். கம்பெனியோடு இயக்குநரையும் சேர்த்தே பிடிப்பார்கள். செஷன்ஸ் நீதிமன்றத்தில் நான் வக்கீலாக ஆஜரான ஒரு வழக்கில் முதலாளி, 'மேற்பார்வையாளர்தான் ஆளைக் கொண்டுவந்தார், எனக்குத் தெரியாது' என்றார். சம்பளக் கவரில் அவர் கையெழுத்து இருந்தது.

ராத்திரி வேலைக்கு ஆள் போதவில்லையென்றால் உங்கள் உள்ளூர்ப் பெண்களிடம், அக்கம்பக்கத்தில் பகுதி நேரம் வரக்கூடியவர்கள் இருக்கிறார்களா என்று கேளுங்கள். பகுதி நேர ஊழியருக்கென 2010இலிருந்து தனி விதிமுறை இருக்கிறது. முழு நேர ஊழியரின் நேரத்தில் 70 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது, மணிக்கு 8.17 ரிங்கிட்டுக்குக் குறையக்கூடாது. வேலைக் கடிதம் கொடுத்து, சொக்சோவில் முதல் மாதமே பதிந்துவிடுங்கள்.