தொட்டியில் கிளெமாட்டிஸ்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

கிளெமாட்டிஸ் அழகான பூக்களுக்காக வளர்க்கப்படும் ஒரு படர்கொடி. நான் செடி வளர்ப்பது தென் இங்கிலாந்தில். கீழே வரும் மாதங்கள் இந்த ஊர்க் கணக்கு. கனடாவில் இருப்பவர்கள் வசந்தத்தைச் சில வாரங்கள் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (ஹாரோ): அக்கா, பால்கனியில் ஒரு கிளெமாட்டிஸ் வைக்க ஆசை. வீட்டில் ஒரு அடி அகலத் தொட்டி சும்மா கிடக்கிறது. அது போதுமா?

பதில்: போதாது. அகலம் 45 சென்டிமீட்டர், ஆழமும் அதே அளவு. அதற்குக் குறைந்தால் வேண்டாம். தரையில் நட்ட கிளெமாட்டிஸ் வெயில் ஏற ஏற வேரை ஆழத்துக்கு இறக்கிக் குளிர்ச்சியைத் தேடிக்கொள்ளும். தொட்டியில் அதற்கு ஓடி ஒளிய இடமில்லை. சின்னத் தொட்டி ஜூலை மதியத்தில் உள்வரை சூடாகி, மாலைக்குள் காய்ந்துவிடும். கறுப்பு நிற மெல்லிய பிளாஸ்டிக் இன்னும் மோசம். தடித்த சுடுமண் தொட்டியோ மரப்பெட்டியோ நல்லது. மண்ணுக்கு ஜான் இன்னஸ் நம்பர் 3 என்று இங்கே கடைகளில் கிடைக்கும் தொட்டி மண் கலவையை வாங்குங்கள். கனமானது, ஆனால் ஈரத்தைப் பிடித்து வைக்கும். நிரப்பிய பிறகு இரண்டு பேர் சேர்ந்தாலும் நகர்த்துவது சிரமம் என்பதால் வைக்கப்போகும் இடத்திலேயே நிரப்புங்கள். பால்கனி அந்த எடையைத் தாங்குமா என்பதை முதலில் விசாரித்துவிடுங்கள். மேல்மண்ணில் கூழாங்கற்களைப் பரப்பினால் வேர்ப்பகுதி குளிர்ச்சியாக இருக்கும். கொடியின் தலை வெயிலில் இருக்கட்டும்.

கேள்வி (ஈஸ்ட்ஹாம்): பக்கத்து வீட்டு அம்மா மொன்டானா என்ற கிளெமாட்டிஸ் வகைக் கன்று ஒன்று தந்தார். தொட்டியில் வைக்கலாமா?

பதில்: அன்போடு தந்ததை வேண்டாம் என்று சொல்வது கஷ்டம்தான். ஆனால் மொன்டானா இமயமலைக் கொடி. 1831இல் அம்ஹர்ஸ்ட் சீமாட்டி இங்கிலாந்துக்குக் கொண்டுவந்த நாளிலிருந்து இங்கே வீட்டுச் சுவர்களையும் கூரைகளையும் மூடிக்கொண்டிருக்கிறது. எட்டு மீட்டர் சர்வ சாதாரணம். பெரிய சுவர் உள்ள யாருக்காவது கொடுத்துவிடுங்கள். தொட்டிக்கென்றால் கெர்ன்சித் தீவில் ரேமண்ட் எவிசன் உருவாக்கிய குட்டை ரகங்கள் இருக்கின்றன: செசான், பிக்கார்டி, பிஜூ. எஸ்தோனியாவின் பீலுவும் எனக்குப் பிடிக்கும். கோடையின் தொடக்கத்தில் அடுக்குப் பூவும் பிற்பாடு ஒற்றைப் பூவுமாகத் தரும்.

கேள்வி (மில்டன் கீன்ஸ்): கவாத்து பற்றி ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஒருவர் தரையோடு வெட்டச் சொல்கிறார், இன்னொருவர் கத்தரியே வைக்காதே என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: இருவர் சொல்வதும் சரி, வேறு வேறு கொடிகளுக்கு. ஆல்பினா, மாக்ரோபெட்டலா போன்றவை சென்ற ஆண்டுத் தண்டில் வசந்தத்தில் பூக்கும். கவாத்துக்காக கிளெமாட்டிஸை மூன்று பிரிவாகப் பிரிப்பார்கள், இது முதல் பிரிவு. குளிர்காலத்தில் வெட்டினால் அந்த ஆண்டின் பூவையே வெட்டி எறிகிறீர்கள். பூத்து முடிந்ததும் லேசாக ஒழுங்குபடுத்தினால் போதும். நெல்லி மோசர், தி பிரசிடென்ட் போன்ற பெரிய பூ ரகங்கள் இரண்டாம் பிரிவு, மே, ஜூனில் பூப்பவை. பிப்ரவரி கடைசியில் நுனியிலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டே வாருங்கள். பருத்த மொட்டு இணை கண்ணில் பட்டதும் அதற்குச் சற்று மேலே வெட்டுங்கள். மூன்றாம் பிரிவான விட்டிசெல்லா, ஜாக்மனி வகைகள் புதுத் தளிரில் ஜூலைக்கு மேல் பூக்கும். இவற்றைத் தயங்காமல் தரையிலிருந்து 30 சென்டிமீட்டருக்கு வெட்டலாம்.

பெயர்ச்சீட்டு தொலைந்துவிட்டதா? ஓராண்டு சும்மா விட்டு, எப்போது பூக்கிறது என்று பாருங்கள். தவறாக வெட்டினாலும் செடி சாகாது, ஒரு பருவத்துப் பூதான் போகும்.

புதிதாக நட்டதை மட்டும், எந்தப் பிரிவானாலும், முதல் வசந்தத்தில் 30 சென்டிமீட்டருக்கு வெட்டிவிடுங்கள். மனம் வராது. வெட்டாவிட்டால் ஒற்றைத் தண்டு மேலே ஓடி, உச்சியில் நாலு பூவும் கீழே மொட்டைக் காம்புமாக நிற்கும்.

கேள்வி (லெஸ்டர்): நேற்று வரை மொட்டும் இலையுமாக நின்ற கொடி இன்று காலை தலை தொங்கிவிட்டது. தண்ணீர் ஊற்றியும் நிமிரவில்லை. செத்துவிட்டதா?

பதில்: பெரும்பாலும் இல்லை. முதலில் அடித்தண்டை உற்றுப் பாருங்கள். காற்றில் ஆடி முறிந்திருக்கலாம், ஓடில்லா நத்தை இரவில் சுரண்டியிருக்கலாம். அதுவே அதிகம் நடப்பது. காயம் எதுவும் இல்லாமல் இலைக்காம்பும் தண்டும் கறுத்திருந்தால் அது கிளெமாட்டிஸ் வாடல் நோய், ஒரு பூஞ்சையின் வேலை. கறுத்த தண்டுகளை நல்ல பகுதி தெரியும்வரை வெட்டுங்கள், மண்மட்டம் வரை போனாலும் பரவாயில்லை. வெட்டியதை உரக்குழியில் போடாதீர்கள், கத்தரியைத் துடைத்து வையுங்கள். பெரிய பூ ரகங்களைக் கடைத் தொட்டியில் இருந்ததைவிட ஐந்தாறு சென்டிமீட்டர் ஆழமாக நடச் சொல்வது இதற்காகத்தான்: மேலே போனாலும் மண்ணுக்குள் இருக்கும் கணுக்களிலிருந்து மறுபடி துளிர்க்கும். நோய் அடிக்கடி வந்தால் விட்டிசெல்லா வகைக்கு மாறிவிடுங்கள். அவற்றை இது அவ்வளவாக அண்டுவதில்லை.

கேள்வி (கிராய்டன்): முதல் பூக்கள் பச்சையாக வந்தன. நோயா?

பதில்: இல்லை. வசந்தத்தின் குளிரும் வெளிச்சக் குறைவும்தான் காரணம். அடுத்து வருபவை நிறத்தோடு வரும்.

கேள்வி (ஸ்கார்பரோ, டொராண்டோ): அக்கா, எங்கள் குளிரில் தொட்டிச் செடி பிழைக்குமா? வீட்டுக்குள் கொண்டுவரலாமா?

பதில்: வரவேற்பறைக்குக் கொண்டுவந்தால் கெடுத்துவிடுவீர்கள் தம்பி. அதற்குக் குளிர்கால ஓய்வு தேவை. அதே சமயம் தரையில் வேருக்குக் கிடைக்கும் காப்பு தொட்டியில் கிடையாது, மண் நாலாபுறமும் உறைந்துவிடும். இலை உதிர்ந்ததும் சூடாக்காத கராஜுக்கு நகர்த்துங்கள். மண் முழுதாகக் காய்ந்துவிடாதபடி எப்போதாவது கொஞ்சம் தண்ணீர் கொடுத்தால் போதும். சுடுமண் தொட்டி உறைபனியில் வெடிக்கும் என்பதால் உங்களுக்கு மரப்பெட்டிதான் சரி, அடியில் சக்கரப் பலகை வைத்துக்கொள்ளுங்கள். ரகத்தில் ஜாக்மனி கைவிடாது. சர்ரியின் வோக்கிங் ஊர் நர்சரியில் பிறந்த பழைய ரகம், குளிரை நன்றாகத் தாங்கும்.

கேள்வி (வெம்பிளி): நல்ல தடித்த மூங்கில் நட்டேன். கொடி அதைப் பிடிக்கவே மாட்டேன் என்கிறது.

பதில்: பாகலைப் போல் இதற்குப் பற்றுக்கம்பி கிடையாது. இலைக்காம்புதான் வளைந்து சுற்றிப் பிடிக்கிறது. பென்சில் தடிமனுக்கு மேல் போனால் காம்புக்கு எட்டாது. மூங்கிலைச் சுற்றி வலையோ நூலோ கட்டுங்கள், தானாக ஏறும்.

கேள்வி (சென்னை): இணையத்தில் கிளெமாட்டிஸ் விதையும் கிழங்கும் மலிவாக விற்கிறார்கள். நீல நிறத்தில் படம் போட்டிருக்கிறது. வாங்கலாமா மேடம்?

பதில்: வாங்காதீர்கள். கிளெமாட்டிஸுக்குக் கிழங்கு கிடையாது. கலப்பு ரகத்தின் விதை தாயைப் போல் பூக்காது, முளைக்கவே மாதக்கணக்கில் ஆகும். அதெல்லாம் கைகூடினாலும் சென்னையில் அதற்கு வேண்டிய குளிர் ஓய்வு கிடைக்காது. நீலப் பூதான் ஆசையென்றால் அடுக்குச் சங்குப்பூ வையுங்கள், சென்னை வெயிலை விரும்பி ஏற்கும்.

கேள்வி (குன்னூர்): எங்களுக்காவது வருமா?

பதில்: வரும். மேற்குத் தொடர்ச்சி மலையில் கிளெமாட்டிஸ் கூரியானா என்னும் காட்டுக்கொடி தானாகவே வளர்கிறது. சிறு வெளிர்நிறப் பூ, பிறகு இறகு போன்ற வால் முளைத்த விதைகள். மழைக்காலத்தில் தொட்டியை மட்டும் செங்கல் மேல் தூக்கி வையுங்கள். நீர் தேங்கினால் வேர் அழுகும்.

கேள்வி (ஹாரோ, மீண்டும்): உரம்?

பதில்: சாம்பல் சத்து மிகுந்த தக்காளி உரத்தை வசந்தத்திலிருந்து கொடுங்கள். மொட்டு நிறம் காட்டியதும் நிறுத்துங்கள், பூ நீண்ட நாள் நிற்கும். பூத்து முடிந்த பிறகு மறுபடி தொடங்கலாம். தழைச்சத்து மிகுந்த உரம் இலையைத்தான் வளர்க்கும். கவாத்து செய்யும்போது கையுறை போடுங்கள், அதன் சாறு சிலருக்குத் தோலில் எரிச்சல் தரும்.