வைக்கோலில் பிறந்த கொப்பி

அன்புள்ள ஐயா,

2022 மார்ச்சில் தாள் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டதைப் பற்றிய கட்டுரையில், வாழைச்சேனைக் காகித ஆலை ‘போருக்கு முன்பே நோயுற்றிருந்தது’ என்று எழுதியிருந்தீர்கள். என் மாமா அங்கே வேலை செய்தவர். ஆலையை அழித்தது போர் அல்லவா?

வாசகி, பண்டாரவளை

அன்புள்ள தங்கைக்கு,

அங்கே உழைத்தவர்களின் குடும்பத்தாருக்கு அந்தச் சொல் உறுத்தும் என்பதை நான் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். ஆனால் கருத்தை மாற்றிக்கொள்ள என்னால் இயலவில்லை.

1956இல் உற்பத்தியைத் தொடங்கிய அந்த ஆலை, ஜி. ஜி. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்த காலத்தில் முளைவிட்ட திட்டம். கிழக்கின் வயல்களில் சூடடித்தபின் மிஞ்சும் வைக்கோலே அதன் மூலப்பொருள். அதை வேகவைக்கக் கோஸ்டிக் சோடாவும் வெளுக்கக் குளோரினும் வேண்டும். இரண்டையும் ஆனையிறவு உப்பிலிருந்து எடுத்த பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும் அக்காலத்ததே. தலவாக்கலைத் தோட்டப் பாடசாலையில் நான் எழுதிய கொப்பியின் தாள் இளமஞ்சளாக இருக்கும், இடையிடையே பொன்னிறத் துணுக்குகள் தெரியும், மூடுபனி நாள்களில் மை ஊறி மறுபக்கம் வந்துவிடும். ‘மாடு கண்டால் தின்றுவிடும், பத்திரம்’ என்பார் எங்கள் வாத்தியார்.

வைக்கோல் மலிவானது, ஆனால் அறுவடைக்குப் பின் மொத்தமாக வந்து குவியும், பெரும் இடத்தை அடைக்கும், நனைந்தால் மக்கும். அதன் நார் குட்டையானது என்பதால், வெளிநாட்டு மரக்கூழைக் கலந்தே தாளுக்கு வலுவேற்ற முடியும். அதிலுள்ள சிலிக்காவோ, வேகவைத்து வடிந்த கருநீரிலிருந்து சோடாவை மீட்பதைக் கடினமாக்கும். மீட்காவிட்டால் செலவும் ஏறும், நீர்நிலையும் கெடும். இத்தனை சுமையோடும் அந்த ஆலை, 1977க்குப் பின் இறக்குமதி தாராளமாக்கப்பட்டபோது, மரக்கூழ் ஆலைகளின் வெள்ளைத் தாளோடு சந்தையில் மோத நேர்ந்தது. நம் மலையில் பிறக்கும் வளவை கங்கை பாயும் எம்பிலிப்பிட்டியவில், அதே வைக்கோலை நம்பி, 1970களின் இறுதியில் இரண்டாவது ஆலையை நிறுவினார்கள் (அந்தத் துணிச்சல் எனக்கு இன்றும் விளங்கவில்லை). அங்கே போர்முனை இல்லை. ஆயினும் அதுவும் நலிந்தது.

போரின் பங்கை நான் குறைக்கவில்லை. வைக்கோல் வரும் பாதைகளை அது அடைத்தது, பரந்தனை நிறுத்தியது, உங்கள் மாமாவைப் போன்ற தொழிலாளர்களைச் சிதறடித்தது. மெலிந்திருந்த ஆலைக்கு அதன்பின் எழுந்து நிற்க வழியில்லாமல் போயிற்று.

மாரி மழையில் வைக்கோல் போர்களை எப்படிக் காத்தார்கள் என்பதை மாமாவிடம் கேட்டு எழுதுங்கள், இத்தளத்தில் வெளியிடுகிறேன்.