மூலைவிட்டம் சரியாக இருந்தும் பழைய ஜீப் ஒரு பக்கம் இழுக்கிறதே, சேஸிஸை எப்படி அளப்பது?

நீங்கள் கேட்டிருப்பது மஹிந்திரா சிஜே-3பி பற்றி. மூலைவிட்டம் இரண்டும் சமம், அதனால் சேஸிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம், நேர் என்று பட்டறையில் சொல்லிவிட்டார்கள்; வண்டி மட்டும் இடது பக்கம் இழுக்கிறது. டயர் காற்று, முன் பிரேக் பிடித்துக்கொள்வது, ஸ்பிரிங் பட்டை உடைந்திருப்பது இவற்றை முதலில் பார்த்து ஒதுக்கிவிடுங்கள். அவை சரி என்றால், மூலைவிட்டம் சமம் என்ற ஒரே அளவை நம்பி வெல்டிங் வேலையைத் தொடங்கக் கூடாது.

ஏன் என்று கணக்கிலேயே பார்க்கலாம். 80 அங்குல நீளம், 30 அங்குல அகலம் உள்ள ஒரு செவ்வகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கச் சட்டம் மட்டும் 3 மி.மீ. முன்னால் நகர்ந்திருந்தால் இரண்டு மூலைவிட்டங்களுக்கும் ஏறத்தாழ 5.6 மி.மீ. வித்தியாசம் வரும், டேப்பில் உடனே தெரியும். முன்முனை 3 மி.மீ. பக்கவாட்டில் ஒதுங்கியிருந்தால் வித்தியாசம் 2 மி.மீ. தான், டேப்பைப் பிடிக்கும் கை தளர்ந்தாலே அந்த அளவு மறைந்துவிடும். சட்டம் முறுக்கியிருந்தாலோ மூலைவிட்டம் அநேகமாக எதையும் சொல்லாது. பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கிய ஜீப்பில் அதிகம் வருவது இந்த முறுக்கல்தான்.

பாடி, என்ஜின், ஆக்சில் எல்லாம் கழற்றிய வெறும் சட்டத்தை அளப்பதே நல்லது. நிழலில், சமமான சிமென்ட் தரையில், நான்கு ஸ்டாண்டின் மேல் வையுங்கள். ஒரு பக்கச் சட்டம் வெயிலிலும் மறுபக்கம் நிழலிலும் இருந்தால், 20 டிகிரி வித்தியாசத்துக்கே 3 மீட்டருக்கு 0.7 மி.மீ. நீளும்.

எங்கிருந்து அளக்கிறோம் என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. சட்டத்தின் விளிம்பு, பம்பர் ஓட்டை, பாடி மவுண்ட் ஓட்டை மூன்றும் வேண்டாம். விளிம்பு அடிபட்டு நெளிந்திருக்கும், பம்பர் ஓட்டை பலமுறை பெரிதாக்கப்பட்டிருக்கும். ஸ்பிரிங் பட்டையின் ஒரு முனையைச் சட்டத்தோடு பிடிக்கும் பிவட் போல்ட்டும், மறுமுனையின் ஆடும் இணைப்பான ஷாக்கிளைத் தாங்கும் ஹேங்கரும் இருக்கும் இடங்களே ஆதாரப் புள்ளிகள், ஏனென்றால் ஆக்சிலை நிறுத்துவது அவைதான். ஓட்டை தேய்ந்திருந்தால் அதற்கு இறுக்கமாகப் பொருந்தும் கம்பியைக் கடைந்து செருகி, அதன் நடுவிலிருந்து அளக்க வேண்டும். டேப்பின் கொக்கி ஆடும், 100 மி.மீ. கோட்டைப் பிடித்து அளந்து, பிறகு 100ஐக் கழியுங்கள். இரண்டு பக்கத்துக்கும் ஒரே டேப்.

முதல் வேலை முறுக்கல் பார்ப்பது. ஒரே அளவான இரண்டு நேரான சதுரக் குழாய்களை, ஒன்றை முன் ஹேங்கர்களுக்கு அருகிலும் மற்றொன்றைப் பின் ஹேங்கர்களுக்கு அருகிலும் குறுக்கே வையுங்கள். முன்குழாயை ஸ்டாண்டில் ஆப்பு வைத்து ரசமட்டத்துக்குக் கொண்டுவந்த பின், பின்குழாயைப் பாருங்கள். டிஜிட்டல் கோணமானி இருந்தால் 0.1 டிகிரி என்பது 750 மி.மீ. அகலத்தில் 1.3 மி.மீ. உயர வித்தியாசம். கொத்தனார் பயன்படுத்தும் தண்ணீர் டியூப் லெவலும் இதற்குப் போதும்; குமிழி மட்டும் உள்ளே நிற்கக் கூடாது. சட்டம் இடையில் தொய்ந்திருக்கிறதா என்பதையும் அதே டியூப்பில் இரண்டு பக்கச் சட்டத்தின் உயரங்களைக் குறித்தே பார்த்துவிடலாம்.

முறுக்கல் தெரிந்த பிறகுதான் தரைக் குறி. ஒவ்வொரு ஆதாரப் புள்ளியிலிருந்தும் தூக்குக்குண்டு விட்டு, தரையில் ஒட்டிய ஒட்டுநாடாவின் மேல் ஊசிமுனைக் குறி போடுங்கள். இடது வலது ஜோடி ஒவ்வொன்றின் நடுப்புள்ளியையும் கண்டுபிடித்து, முதல் புள்ளிக்கும் கடைசிப் புள்ளிக்கும் சுண்ணாம்பு நூல் அடியுங்கள். இடைப்பட்ட நடுப்புள்ளிகள் அந்தக் கோட்டில் விழ வேண்டும். எந்த ஜோடி விலகி நிற்கிறதோ, வளைவு அதை ஒட்டியே இருக்கும். பிறகு மூலைவிட்டத்தை முழுநீளத்துக்கு ஒன்றாக எடுக்காமல், அடுத்தடுத்த ஜோடிகளுக்கு இடையே துண்டு துண்டாக எடுங்கள். கோணல் எந்தத் துண்டில் என்று அப்போதுதான் பிடிபடும். நடுக்கோட்டைக் கண்டுபிடிக்க டிரான்ஸ்ஃபர் கேஸை (என்ஜின் விசையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்துத் தரும் பெட்டி) நம்ப வேண்டாம், அதிலிருந்து ஆக்சிலுக்குப் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் வழி ஒரு பக்கமாக ஒதுங்கியே இருக்கும். முறுக்கல், நடுக்கோடு, மூலைவிட்டம் மூன்றிலும் 3 மி.மீ.க்குள் வந்தால் இந்த வயது ஜீப்புக்கு ஏற்றுக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

அளவு எடுக்கும்போதே, இரண்டு பக்கச் சட்டத்தையும் இணைக்கும் குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பரின் ரிவெட்டுகளைத் தட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் விரலை வைத்து மறுபக்கம் சிறு சுத்தியலால் தட்டினால் தளர்ந்த ரிவெட் விரலில் அதிரும். தலையைச் சுற்றித் துருப்பொடி கசிந்திருப்பதும் அதே அறிகுறி. ரிவெட் தளர்ந்த சட்டம் நிற்கும்போது சரியான அளவு காட்டும், சுமை ஏறியதும் சாய்சதுரமாகிவிடும். மூலைக்கு மூலை சங்கிலி போட்டு லேசாக இழுத்து மறுபடி அளந்தால் இது வெளிப்படும். அந்த ஓட்டைகளை ரீமர் போட்டுச் சீராக்கி, இறுக்கமாகப் பொருந்தும் 8.8 என்ற வலுத் தர போல்ட் போடலாம். போல்ட்டின் திருகுமரை ஓட்டைக்குள் வரக் கூடாது. ரிவெட் தலையை வெல்டிங் வைத்து ஒட்டிவிடுவது வேண்டவே வேண்டாம், அதன் ஓரத்திலிருந்தே புது விரிசல் கிளம்பும்.

வெல்டிங்கில் நல்ல சட்டமும் கெட்டுப்போகும். வெட்டும் முன் இரண்டு பக்கச் சட்டத்தையும் ஆங்கிள் இரும்பால் குறுக்காகத் தற்காலிகமாகக் கட்டுங்கள். வெல்ட் ஆறும்போது சுருங்கித் தன் பக்கம் இழுக்கும்: மேல் விளிம்பில் மட்டும் வெல்ட் வைத்தால் முனைகள் மேலே எழும், கீழ் விளிம்பில் வைத்தால் தாழும். அதனால் 25 மி.மீ. துண்டுகளாக, மேல், கீழ், இடது, வலது என்று மாற்றி மாற்றி வையுங்கள். விரிசலை மூடும் முன் அதன் நுனியில் 3 மி.மீ. துளை போட மறக்க வேண்டாம்.

ஆங்கிளைக் கழற்றுவது சட்டம் கையால் தொடும் அளவுக்கு ஆறிய பிறகு மட்டுமே. கழற்றியதும் தரைக் குறியை மறுபடி எடுங்கள். ஆக்சில் ஏற்றிய பின், இரண்டு பக்கமும் முன் ஸ்பிரிங்கின் சென்டர் போல்ட்டிலிருந்து (பட்டைகளை நடுவில் பிடிக்கும் போல்ட்) பின் ஸ்பிரிங்கின் சென்டர் போல்ட் வரை 80 அங்குலம், அதாவது 2032 மி.மீ. வருகிறதா என்று அளந்துவிட்டுப் பெயின்ட் அடிக்கக் கொடுங்கள்.